பால் ஒத்துக்கலையா? புரோபயாடிக் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலையில் ஒரு டம்ளர் பால் குடித்த அரை மணி நேரத்தில் வயிறு கடமுடவென்று சத்தம் போடுகிறதா? விருந்தில் பாயசம் சாப்பிட்ட அன்று மட்டும் உப்புசம், வாயு, இழுத்துப் பிடிக்கும் வலி, பிறகு அவசர அவசரமாகக் கழிவறை என்று ஆகிறதா? "எனக்குப் பால் ஒத்துக்கல" என்று நீங்களே ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். அதைப் பற்றிப் போனில் ஒரு தடவை தேடினால் போதும். "நல்ல பாக்டீரியா", "குடலுக்குப் புத்துயிர்" என்று கேப்சூல் விளம்பரங்கள் வரிசை கட்டி வந்துவிடும்.

அவற்றில் சில ஓரளவு உதவும், சில உதவாது. குறிப்பிட்ட சிலருக்கு ஆபத்தும் உண்டு. வீட்டிலேயே சரிசெய்துகொள்ளக்கூடிய சின்னத் தொந்தரவு எது, மருத்துவர் பார்க்க வேண்டிய நோய் எது என்று பிரித்துப் பார்க்காமல் மாதக்கணக்கில் கேப்சூல் விழுங்கினால், பணம் போவது ஒரு பக்கம். கண்டுபிடிக்க வேண்டிய நோய் தள்ளிப்போவது இன்னொரு பக்கம். எனவே படிப்படியாகப் பார்ப்போம்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

பாலில் உள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். நம் சிறுகுடலின் உட்சுவரில் சுரக்கும் லாக்டேஸ் என்ற நொதி இதை குளுக்கோஸ், காலக்டோஸ் என இரண்டாக உடைக்கிறது. உடைந்தால்தான் ரத்தத்தில் சேரும். லாக்டேஸ் குறைவாக இருந்தால் லாக்டோஸ் உடையாமல் அப்படியே பெருங்குடலுக்குப் போய்விடும். போகிற வழியில் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து வாயுவை உண்டாக்கும். தண்ணீரால் பேதி, வாயுவால் உப்புசம். அவ்வளவுதான் விஷயம். பெரும்பாலும் பால் குடித்த அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இது தெரிந்துவிடும்.

இது உங்கள் உடம்பில் ஏதோ கெட்டுப்போனதற்கான அடையாளம் என்று பயப்பட வேண்டாம். தாய்ப்பால் பருவம் முடிந்த பிறகு லாக்டேஸ் குறைவது மனிதரில் பெரும்பாலோருக்கு இயல்பாக நடப்பது. இந்தியாவிலும் பெரியவர்களில் பலருக்கு இப்படித்தான். வட மாநிலங்களைவிடத் தென் மாநிலங்களில் இது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இன்னொரு வகையும் உண்டு. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு குடலின் உட்சுவர் புண்ணாகி, லாக்டேஸ் தற்காலிகமாகக் குறையலாம். நேற்றுவரை பால் குடித்த குழந்தைக்கு, பேதி நின்ற பிறகு பால் கொடுத்தால் திரும்பவும் போகிறது என்றால் இது காரணமாக இருக்கலாம். குடல் ஆறியதும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: பால் ஒவ்வாமை என்பது வேறு. அது பாலிலுள்ள புரதத்தை நம் நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியாக நினைத்துச் சண்டை போடுவது. உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு லாக்டோஸ் இல்லாத பாலும் தீர்வு இல்லை, புரோபயாடிக்கும் தீர்வு இல்லை. மூச்சுத் திணறல் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

உண்மையிலேயே பால்தானா? வீட்டில் ஒரு சோதனை

வெங்காயம், பருப்பு, கோதுமை, சர்க்கரை இல்லாத இனிப்புகளில் சேர்க்கும் சார்பிட்டால் ஆகியவையும் சிலருக்கு இதே மாதிரி உப்புசம் தரும். காபியோடு சேர்த்துப் பால் குடிப்பவருக்குத் தொந்தரவு தருவது காபியாகவும் இருக்கலாம். அதனால் முதலில் குற்றவாளியைக் கண்டுபிடிப்போம். ஒவ்வாமைச் சந்தேகம் இல்லாத பெரியவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

1. உங்கள் போனில் உள்ள குறிப்பேட்டைத் திறந்து, மூன்று நாட்களுக்கு வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டே எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குத் தொந்தரவு வந்தது. உப்புசத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள்.

2. அடுத்த இரண்டு வாரம் பாலை நிறுத்துங்கள். பால் என்றால் டம்ளரில் இருக்கும் பால் மட்டும் இல்லை. பால்கோவா, ஐஸ்கிரீம், மில்க் ஷேக், பால் பவுடர் சேர்த்த பிஸ்கட், சாக்லேட் எல்லாம்தான். மற்றதை மாற்றாதீர்கள்.

3. தொந்தரவு குறைந்ததா? அப்படியானால், ஒரு விடுமுறை நாளில் 200 மி.லி. வெறும் பாலைக் குடித்துப் பாருங்கள். அதே தொந்தரவு திரும்ப வந்தால் லாக்டோஸ் மீது சந்தேகம் உறுதியாகிறது.

4. இரண்டு வாரம் பாலே தொடாமலும் எந்த மாற்றமும் இல்லையா? அப்ப காரணம் வேறு. அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை உண்டு. வெறும் வயிற்றில் லாக்டோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் மூச்சுக்காற்றில் உள்ள ஹைட்ரஜனை அளப்பார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. எல்லாருக்கும் இது தேவையில்லை. மருத்துவர் சொன்னால் செய்துகொள்ளலாம்.

எவ்வளவு வரை தாங்கும்?

"பால் ஒத்துக்கல" என்றால் ஒரு சொட்டுகூடக் கூடாது என்று அர்த்தம் இல்லை. லாக்டேஸ் குறைவாக உள்ளவர்களிலும் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் வரை பெரிய தொந்தரவு இல்லாமல் தாங்குகிறார்கள். பாலில் 100 மி.லி.க்குச் சுமார் 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்:

• 50 மி.லி. பால் ஊற்றிய ஒரு சின்ன டம்ளர் காபி: சுமார் 2.5 கிராம்
• 200 மி.லி. பால்: சுமார் 10 கிராம்
• நன்றாகப் புளித்த தயிர்: பாலைவிடக் குறைவு
• தண்ணீர் விட்டுக் கடைந்த மோர்: இன்னும் குறைவு
• நெய்: கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம்
• பால்கோவா, கோவா இனிப்புகள், பால் பவுடர்: பாலைச் சுண்டக் காய்ச்சியதால் கொஞ்சத்திலேயே நிறைய

ஆக, இரண்டு வேளைக் காபியை நிறுத்த வேண்டிய அவசியம் பலருக்கு இருக்காது. வெறும் வயிற்றில் ஒரே மூச்சாகக் குடிக்காமல், சாப்பாட்டோடு சேர்த்து, இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துக் குடித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

தயிர் ஏன் ஒத்துக்கொள்கிறது?

"பால் குடிச்சாத்தான் தொந்தரவு, தயிர் சாதம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகல" என்று சொல்பவர்களை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை முன்பே தின்றுவிடுகின்றன. மீதியை உடைக்கும் நொதியும் அவற்றிடம் இருக்கிறது. தயிரோடு அவை உயிருடன் உள்ளே போகும்போது, சிறுகுடலில் நமக்குப் பதிலாக அந்த வேலையைச் செய்கின்றன. யோகர்ட் பாக்டீரியாக்கள் லாக்டோஸ் செரிமானத்துக்கு உதவுகின்றன என்ற கூற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2010-ல் ஆய்வு செய்து ஏற்றுக்கொண்டது.

ஆனால் பாக்டீரியா உயிரோடு இருந்தால்தான் இந்தப் பலன். மோர்க்குழம்பில் கொதிக்கவிட்டால் அவை இறந்துவிடும். சுடச்சுட இருக்கும் சாதத்தில் தயிரைக் கலப்பதைவிட, சாதம் ஆறிய பிறகு கலப்பது நல்லது.

இட்லி, தோசை மாவும் பாக்டீரியாவால் புளிப்பதுதான். ஆனால் வேகவைத்ததும் அவை இறந்துவிடுவதால், இட்லி எளிதில் செரிக்கும் நல்ல உணவே தவிர, புரோபயாடிக் அல்ல. பழைய சோறு அப்படியில்லை. ஊறிப் புளித்ததை அடுப்பில் வைக்காமல் சாப்பிடுவதால் உயிருள்ள பாக்டீரியா உள்ளே போகிறது. ஆனாலும் அதில் எந்த வகை, எத்தனை என்று நமக்குத் தெரியாது. அதனால் பழைய சோற்றை நல்ல உணவு என்று சொல்லலாம், மருந்து என்று சொல்ல முடியாது. சுத்தமான தண்ணீர், சுத்தமான பாத்திரம் முக்கியம்.

சரி, புரோபயாடிக் கேப்சூல்?

போதுமான அளவில் எடுத்துக்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்பதுதான் புரோபயாடிக்குக்கு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் 2001-ல் வகுத்த விளக்கம். இதில் மூன்று சொற்களைக் கவனியுங்கள்: உயிருள்ள, போதுமான அளவு, நன்மை. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வெறும் பொடிதான்.

லாக்டோஸ் தொந்தரவுக்கு இவை உதவுமா? சில குறிப்பிட்ட ரகங்கள் சிறிய ஆய்வுகளில் வயிற்றுவலி, பேதி போன்றவற்றை ஓரளவு குறைத்திருக்கின்றன. எல்லா ஆய்வுகளிலும் ஒரே முடிவு வரவில்லை. எனவே, "சிலருக்கு உதவலாம்" என்பதுதான் நேர்மையான பதில். இன்னும் இரண்டு விஷயங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இது நிரந்தரத் தீர்வு இல்லை. இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் குடலில் குடியேறுவதில்லை; விருந்தாளி மாதிரி வந்து போகின்றன. நிறுத்தினால் பலனும் மெல்ல நின்றுவிடும். உங்கள் குடலில் லாக்டேஸ் சுரப்பை இது மீட்டுத் தராது.

இரண்டு, ரகம் மாறினால் வேலையும் மாறும். மருந்துக்கடையில் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகளில் கிடைக்கும் பேசில்லஸ் கிளாசி வேறு. பாக்கெட்டில் வரும் சாக்கரோமைசெஸ் பொலார்டி என்ற ஈஸ்ட் வேறு. லாக்டோபேசில்லஸ் கேப்சூல் வேறு. "எல்லாம் நல்ல பாக்டீரியாதானே" என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்குவது, தலைவலி மாத்திரைக்குப் பதில் சளி மாத்திரை வாங்குவது போலத்தான். பொதுவான உப்புசம், குடல் எரிச்சல் நோய் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரும்பாலான செரிமான நோய்களுக்குப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொல்லியிருக்கிறது.

லாக்டேஸ் மாத்திரையைப் புரோபயாடிக் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பாக்டீரியா இல்லை. நம்மிடம் குறைவாக இருக்கும் நொதியேதான். பால் உணவைச் சாப்பிடத் தொடங்கும்போது எடுத்தால் அந்த வேளைக்கு வேலை செய்யும். கல்யாண விருந்துக்குப் போகிற அன்று மட்டும் தேவைப்படுபவருக்கு இது பொருத்தமாக இருக்கும். லாக்டோஸ் நீக்கிய பாலில் இதே நொதியைக் கலந்து சர்க்கரையை முன்பே உடைத்துவிடுகிறார்கள். அதனால்தான் அந்தப் பால் கொஞ்சம் கூடுதலாக இனிக்கிறது.

வாங்கும் முன் அட்டையைப் படியுங்கள்

• முழுப் பெயர் இருக்கிறதா? பேரினம், இனம், அதன் பின்னால் எழுத்தும் எண்ணும் கலந்த ரகக் குறியீடு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். "நல்ல பாக்டீரியா கலவை" என்று மட்டும் போட்டிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

• எண்ணிக்கை எவ்வளவு? இதை சி.எஃப்.யூ. என்ற அலகில் குறிப்பிடுவார்கள். ஒரு பில்லியன் என்றால் 100 கோடி. அந்த எண்ணிக்கை தயாரித்த அன்று இருந்ததா, காலாவதி நாள் வரை இருக்கும் என்று உறுதி தருகிறார்களா என்று பாருங்கள். பின்னதுதான் நமக்குத் தேவை.

• எப்படி வைக்க வேண்டும்? 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கச் சொல்லியிருக்கும் பொருளைக் கடைக்காரர் வெளி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஆன்லைனில் வாங்கினால், வெயிலில் பயணம் செய்து வருவதையும் யோசியுங்கள்.

• உள்ளே வேறு என்ன? சில பொடிகளில் நிரப்புப் பொருளாக லாக்டோஸோ பால் பவுடரோ சேர்ப்பதுண்டு. புரோபயாடிக் பானங்களில் சர்க்கரை நிறைய இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

• உரிமம் இருக்கிறதா? உணவுத் துணைப்பொருளாக விற்பதென்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் இருக்கும். அப்படி அச்சிட்டுவிட்டு, விளம்பரத்தில் மட்டும் "நோயைக் குணமாக்கும்" என்று சொன்னால், நம்ப வேண்டியது அட்டையைத்தான்.

எடுத்துப் பார்ப்பதென்றால் இப்படி

மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். நான்கு வாரம் என்று கெடு வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் சொன்ன அளவு, தினமும் ஒரே நேரம். சூடான பாலிலோ காபியிலோ கலக்காதீர்கள். ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முதல் சில நாட்கள் வாயு கொஞ்சம் கூடலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். பழைய குறிப்பேட்டிலேயே மதிப்பெண்ணைத் தொடர்ந்து போடுங்கள்.

நான்கு வாரம் முடிந்ததும் கணக்குப் பாருங்கள். உப்புசம் 7-லிருந்து 3-க்கு வந்திருந்தால் தொடர்வது பற்றி யோசிக்கலாம். 7-லிருந்து 6 என்றால் நிறுத்திவிடலாம். ஒரு நாளைக்கு 20 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால்கூட மாதம் 600 ரூபாய். அந்தக் காசுக்கு வீட்டில் எத்தனை நாள் தயிர் தோய்க்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவர்கள் தாங்களாக எடுக்கக் கூடாது

புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், ரத்தக் குழாயில் நிரந்தரக் குழாய் பொருத்தியிருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த நுண்ணுயிர்கள் ரத்தத்தில் கலந்து தொற்று உண்டாக்கும் ஆபத்து இருக்கிறது. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாடிக் கொடுத்துச் செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. அதில் புரோபயாடிக் பெற்றவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் 2023-ல் எச்சரிக்கை விடுத்தது. "பக்கவிளைவே இல்லாதது" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

கைக்குழந்தைக்கு வாயு என்று தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலிலும் லாக்டோஸ் உண்டு. அதைச் செரிக்கும் நொதியோடுதான் அநேகமாக எல்லாக் குழந்தைகளும் பிறக்கின்றன. குழந்தைக்குப் பேதி என்றால் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஜிங்க் மாத்திரையும்தான். புரோபயாடிக் அதற்கு மாற்று இல்லை.

பாலைக் குறைத்தால் கால்சியம்?

இது பலர் மறந்துவிடும் விஷயம். பெரியவர் ஒருவருக்குத் தினமும் 1000 மி.கி. கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். பாலை ஒரேயடியாக விட்டுவிட்டு வேறு எதுவும் சேர்க்காமல் இருந்தால் வருடங்கள் கழித்து எலும்பு பதில் சொல்லும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரை, எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி ஆகியவையும் நல்லவை. தயிரும் மோரும் ஒத்துக்கொண்டால் அவற்றை விட வேண்டாம். மாதவிடாய் நின்ற பெண்கள், வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்

• மலத்தில் ரத்தம், அல்லது மலம் தார் போலக் கறுத்துப் போவது
• முயற்சி செய்யாமலே உடல் எடை குறைவது
• தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி
• விடாத காய்ச்சல், விடாத வாந்தி, ரத்தசோகை
• 45 வயதுக்கு மேல் புதிதாக மலப் பழக்கம் மாறுவது
• குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருப்பது

இவை லாக்டோஸ் தொந்தரவின் அறிகுறிகள் அல்ல. கேப்சூல் வாங்கும் காசில் பேருந்து ஏறி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உங்கள் போனிலேயே செய்யக்கூடியவை

1. மருத்துவ ஆலோசனைக்கு: தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்து மருத்துவத் தகவல் கேட்கலாம். இ-சஞ்சீவனி செயலியில் மொபைல் எண்ணைக் கொடுத்துப் பதிவுசெய்து, வீடியோ அழைப்பில் மருத்துவரிடம் இலவசமாகப் பேசலாம். மருந்துச் சீட்டும் போனுக்கே வரும். பேசும்போது உங்கள் குறிப்பேட்டைக் கையில் வைத்திருங்கள்.

2. உரிம எண்ணைச் சரிபார்க்க: ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் அட்டையிலுள்ள 14 இலக்க எண்ணைப் போட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் பொருந்த வேண்டும்.

3. புகார் செய்ய: காலாவதியான பொருள், போலி உரிம எண் போன்றவற்றை அதே செயலியில் படத்தோடு புகார் செய்யலாம். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கும் அனுப்பலாம். அட்டையின் படம், ரசீது, கடையின் முகவரி ஆகிய மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

4. பணத்தைத் திருப்பித் தர மறுத்தால்: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். இதற்காகவே ரசீது இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

இன்று இரவே போனில் குறிப்பேட்டைத் திறந்து, "நாள் 1" என்று எழுதி, சாப்பிட்டதைப் பதிவு செய்யத் தொடங்குங்கள். முதலில் மூன்று நாள், பிறகு இரண்டு வாரம். உங்களுக்குப் பால் ஒத்துக்கலையா, எவ்வளவு வரை ஒத்துக்கொள்ளும், கேப்சூல் தேவையா என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல மருத்துவருக்கு அந்தக் குறிப்பு பெரிய உதவியாக இருக்கும்.